ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள். ஒன்றிரண்டு பேர் என்னிடம் படித்தவர்களாகவும் இருக்கலாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆண்டு முடிகிற சமயத்தில் உங்கள் மேசைக்கு ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும். அதில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவன் பத்தாம் வகுப்புக்கு வந்தால் நம் பள்ளியின் தேர்ச்சி சதவீதம் போய்விடும் என்பதுதான் அர்த்தம்.

அந்தப் புள்ளியை நானும் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு மடல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் வகுப்பாசிரியையாக இருந்த ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தேழு பேர். அதில் ஒரு பெண். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கணக்கில் இரட்டை இலக்கம் வந்தால் அதிசயம். அவளுடைய அப்பாவை வரச் சொன்னோம். கூலி வேலைக்குப் போகிறவர். வாசல்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். 'பாப்பாவுக்குப் படிப்பு ஏறல. இங்க இருந்தா ஃபெயில்தான் ஆகும். டி.சி. வாங்கிட்டுப் போயி, டுடோரியல்ல சேர்த்துவிட்டு பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க' என்று பக்குவமாகத்தான் சொன்னோம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த மாதிரி ஒன்பது பேர் போனார்கள். அடுத்த மார்ச்சில் முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள், முப்பத்தெட்டுப் பேரும் தேர்ச்சி. நூறு சதவீதம். பாராட்டு விழாவில் எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நூல் மில் வேனுக்காக நின்றிருந்தாள். தலைமுடியில் அங்கங்கே பஞ்சு. என்னை அவள்தான் முதலில் அடையாளம் கண்டு ஓடி வந்தாள். 'டீச்சர், அந்த வருஷம் நம்ம ஸ்கூல் நூறு பர்சென்ட் வந்துச்சுல்ல? பேப்பர்ல போட்டிருந்தாங்க, எங்க அப்பா காட்டுனாரு' என்றாள். நம்ம ஸ்கூல் என்றுதான் சொன்னாள். அவளுடைய முகத்தில் குறையோ குத்தலோ துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. வேன் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியர்களே, உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மேலே இருந்து வரும் நெருக்கடி எப்படி இருக்கும் என்று அறிவேன். 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல முடிவு, எத்தனையோ பிள்ளைகளுக்கு மூச்சு வந்தது. ஆனால் மாவட்டத்துக்கு எத்தனை சதவீதம், பள்ளிக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலும், கணக்குக்கு ஆளே இல்லாமல் அரையாண்டு வரை ஓடினாலும், கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

இதைப் படிக்கும் கல்வி அதிகாரிகள் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கூட்டத்தில் தேர்வு எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். மாணவர் விவரம் பதியும் எமிஸ் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறது. நாற்பத்தேழில் முப்பத்தெட்டு என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த வருடம் எங்கள் பள்ளி வாங்கியது எண்பத்தொரு சதவீதம்கூட இல்லை. எனக்கு அந்தச் சால்வை கிடைத்திருக்காது. அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்திருப்போம்.

சரி, பிள்ளைகள் ஏன் இப்படி ஒன்பதாம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாமல் வருகிறார்கள்? எட்டாவது வரை ஆல் பாஸ் போடுவதால்தான் என்று நம்மில் பலர் சொல்கிறோம். நான் அந்தக் கட்சி இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாடு நிறுத்துவதில்லை என்றே முடிவு செய்தது. அது சரியான முடிவு. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் அது மறுவருடம் நன்றாகப் படிக்கும் என்று நினைப்பவர்கள், அப்படி ஃபெயில் ஆன பிள்ளைகள் எத்தனை பேர் மறுவருடம் பள்ளிக்கே வராமல் போனார்கள் என்று எங்கள் தலைமுறை ஆசிரியர்களைக் கேட்கட்டும். தப்பு பாஸ் போட்டதில் இல்லை. பாஸ் போட்டுவிட்டு அப்புறம் அந்தப் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காததில் இருக்கிறது.

இதில் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பரில். மூடிய அன்று இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இருந்த பிள்ளைகள்தான் இந்த ஆண்டுகளில் உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்கிறார்கள். வாசிக்கப் பழகும் வயதில் அவர்களுக்குக் கரும்பலகையே இல்லை. இல்லம் தேடிக் கல்வி வந்தது, தெருவிளக்கு வெளிச்சத்திலும் கோயில் திண்ணையிலும் நம் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கத் 'திறன்' என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பதினாலு வயதுப் பையனை மறுபடி 'அ, ஆ' என்று தொடங்க வைக்கும்போது அவனுக்கு ஏற்படும் கூச்சத்தை எந்தத் திட்டக் கையேடும் பார்த்துக்கொள்ளாது. அதை நீங்களும் உங்கள் ஆசிரியர்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப்பூ விவசாயம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார்கள். இந்தப் பையனின் அம்மா அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அப்பா இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்து அம்மாவோடு பூ எடுத்து, மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அப்படியே பள்ளிக்கு வருவான். முதல் பீரியட் கணக்கு. என் வகுப்பு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்குகிறான் என்பதுதான். நிற்க வைத்திருக்கிறேன். முகம் கழுவிவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். 'அம்மாவைக் கூட்டிட்டு வா' என்று மூன்று முறை சொன்னேன், அம்மா வரவில்லை. அக்கறை இல்லாத குடும்பம் என்று ஸ்டாஃப் ரூமில் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 11 மார்க். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது.

அரையாண்டில் 29 வாங்கினான். நான் சந்தோஷப்படவில்லை. காப்பி அடித்திருக்கிறான் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் 'யாரைப் பார்த்து எழுதினே?' என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் என் பணிக்கொடையில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். குளிர்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறிவிடும். அன்று கிலோ 1,800 ரூபாய் போனது. கமிஷன் கடை ஒன்றில் இவன் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பாட்டி ஒன்றேகால் கிலோ பூவைப் போட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இவன் குனிந்து, 'ஆத்தா, பத்து பர்சென்ட் கமிஷன் போக ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு வரணும். இருபத்தஞ்சு ரூபாயை விட்டுட்டாங்க, கேட்டு வாங்கு' என்றான். தாள் இல்லை, பேனா இல்லை, கால்குலேட்டர் இல்லை. நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். 1,800-ஐ ஒன்றேகாலால் பெருக்கினால் 2,250. அதில் பத்து சதவீதம் 225 போனால் 2,025. கணக்கு டீச்சரான எனக்கு அவனைவிட நேரம் பிடித்தது.

திரும்பிப் பார்த்தவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அன்றைக்குத்தான் 11-க்கும் 29-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பூ கொட்டும். அவனுக்குத் தூக்கம் கிடையாது. ஐப்பசிக்கு மேல் பூ குறையும், பனி விழும் மாதங்களில் கொஞ்ச நேரத்தில் எடுத்து முடித்துவிடலாம். அவன் ஆறு மணி வரை தூங்கினான். தூங்கியவனுக்கு 29 மார்க் வந்தது. அவ்வளவுதான். அம்மா ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காலையில் பூ, பத்து மணிக்கு மேல் களையெடுப்பு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து எங்களிடம் நின்று திட்டு வாங்க வேண்டும் என்றால் யார்தான் வருவார்கள்?

பள்ளி திறந்ததும் எங்கள் தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். டைம்டேபிளை எடுத்து, ஒன்பது 'பி' பிரிவுக்குக் கணக்கை முதல் பீரியடிலிருந்து மூன்றாவது பீரியடுக்கு மாற்றினார். வேறு எதுவும் சொல்லவில்லை. முதல் பீரியடுக்கு ஓவியம் வந்தது. அந்தப் பிரிவில் அதிகாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள் என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

தலைமையாசிரியர்களே, அக்கறை என்று நான் சொல்வது இதைத்தான். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுவதை அல்ல. ஒரு டைம்டேபிளை அழித்து எழுதுவது. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம்.

சாப்பாட்டையும் பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, ஆனால் அது மதியம். மூன்றரை மணிக்கு எழுந்த பையன் வெறும் வயிற்றோடு மதியம் வரை உட்கார்ந்திருக்கிறான். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்கு மாலையில் சுண்டல் கொடுக்க ஊரில் யாராவது ஒருவர் முன்வந்துவிடுவார். அதே ஆளிடம் ஒன்பதாம் வகுப்புக்குக் காலையில் ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம், ஒரு வாழை வியாபாரி ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான் இருக்கிறார்கள். கட்டடம், சுற்றுச்சுவர் என்று மட்டும் பேசாமல், எந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசினால் ஊர் கை கொடுக்கும்.

அடுத்தது விளையாட்டு. படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பி.டி. பீரியடைப் பிடுங்கி சிறப்பு வகுப்பு வைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். நானே பிடுங்கியிருக்கிறேன். வாரம் முழுக்க எல்லா வகுப்பிலும் கடைசியாக நிற்கிற பையன், அந்த ஒரு பீரியடில்தான் கபடிக் கோட்டுக்குள் முதல் ஆளாக நிற்பான். அதையும் எடுத்துவிட்டால் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மிச்சம்? வேறு நேரம் இல்லை என்பீர்கள். காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் இருபத்தைந்து நிமிடம் தினமும் போதும். எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் அப்படித்தான் எட்டுப் பேரை வாசிக்க வைத்தார். பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. உரச் சாக்கில் இருப்பது, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, தினசரியில் பூ விலை நிலவரம் என்று அவர்களுக்கு வேண்டியதை வாசிக்கச் சொன்னார். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் நடத்துவார். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. பதினாலு வயதுப் பையனின் மானம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மானம் என்றதும் அந்தப் பட்டியல் ஞாபகம் வருகிறது. மெல்லக் கற்போர் பட்டியல் உங்களுக்குத் தேவைதான், யாருக்கு எதில் உதவி வேண்டும் என்று தெரிய வேண்டும். அது உங்கள் பீரோவுக்குள் இருக்கட்டும். 'ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் எழுந்து அந்த ரூமுக்குப் போங்க' என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. 'கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். அவர்கள் சொல்வது நம்பிக்கையில். அதை நாம் அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சில பிள்ளைகளுக்கு விஷயமே வேறு. நன்றாகப் பேசுவான், கேட்டால் பதில் சொல்வான், எழுத உட்கார்ந்தால் எழுத்து இடம் மாறும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே வருகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று வாங்கி விண்ணப்பிக்க மாதங்கள் ஆகும். ஜனவரியில் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை. எட்டாம் வகுப்பிலேயே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைத்துக் காட்டிவிடுங்கள். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பள்ளி முகாம்களில் கண்ணாடி இலவசமாகவே தருகிறார்கள்.

இனி, பண்பு. இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

நீதிபோதனை பீரியட் என்று ஒன்று டைம்டேபிளில் இருந்த காலத்தில், அதைப் பாதி நாள் நான்தான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொள்ளாத நாளில் பொய் சொல்லாதே, திருடாதே என்று சொல்லிவிட்டு வருவேன். அந்தப் பூ மார்க்கெட்டில் நின்ற பையனிடம் நான் எதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு வர வேண்டிய இருபத்தைந்து ரூபாய்க்காக அவன் குனிந்து பேசினான். கேட்க ஆளில்லாதவருக்காகப் பேசும் குணம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் அதற்கு இடம் இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான்.

இடம் கொடுத்துப் பார்த்தோம். சத்துணவுக்கு வரும் காய்கறியை எடை பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார் தலைமையாசிரியர். சத்துணவு அமைப்பாளர் அம்மாவோடு தராசு பக்கத்தில் நிற்பான். மூன்றாவது நாளே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். 'டீச்சர், தக்காளி கால் கிலோ குறையுது. நேத்தும் குறைஞ்சது. எழுதவா, வேண்டாமா?' என்றான்.

எழுதினால் காய்கறிக்காரரோடு மனஸ்தாபம். ஊர்க்காரர், பழகியவர். கால் கிலோதானே, விட்டுவிடு என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. தலைமையாசிரியர் எழுந்து வந்து, 'எவ்வளவு இருக்கோ அதை எழுது. கீழே நான் கையெழுத்துப் போடறேன்' என்றார். போட்டார். காய்கறிக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் எடை சரியாக வந்தது. அந்த வாரத்திலிருந்து அந்தப் பையன் நிமிர்ந்து நடந்தான். வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தான். தப்பான விடை சொன்னாலும் தூக்கினான். பாராட்டிப் பேசியதால் வந்த மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. அவன் எழுதிய ஒரு வரிக்குக் கீழே ஒரு பெரியவர் தன் பெயரைப் போட்டார்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே எல்லாப் பொறுப்பையும் கொடுக்கிறோம். வகுப்புத் தலைவன், வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, விழாவில் வரவேற்பது எல்லாம் அதே நான்கு பேர். மற்றவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை. 2024-இல் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறோம். எல்லா வகுப்பும் கலந்து இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதைப் போட்டி, புள்ளி, கோப்பை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ரெண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் போட வேண்டியவர் அவர். அந்தப் பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர் அவர். என் முப்பத்தோரு வருடத்தில் பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். முதல் வாரம் வராதபோது ஒருவர் தேடிப் போயிருந்தால் அவர்களில் பாதிப்பேர் திரும்பியிருப்பார்கள் என்றுதான் படுகிறது.

தேடிப் போக ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். சாதியின் பேரால், கூடப் படித்த மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள். பயத்தில் பள்ளிக்கு வராமல் நின்றிருந்த பிள்ளை அவன். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த அலுவலர் வரட்டும், வரவேற்போம். வரும் வரை அந்த வேலை நம்முடையது. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களில் பலர், வகுப்பறையில் எந்த மரியாதையும் கிடைக்காதவர்கள். பள்ளி கொடுக்காத அடையாளத்தைத் தெரு கொடுக்கிறது. அவர்களுடைய கையில் ஒரு தராசையோ, ஒரு நூலகச் சாவியையோ, கீழ் வகுப்புப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் பொறுப்பையோ நாம் கொடுத்திருக்கலாம்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எல்லாப் பள்ளியிலும் தொங்குகிறது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு ஒருமுறை தேடிப் பாருங்கள். 14417, 1098 என்ற மாணவர், குழந்தைகள் உதவி எண்கள் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தால் போதாது, ஒரு பிள்ளையாவது அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே புள்ளி இருந்தது. தலைமையாசிரியர் அதை அழித்துவிட்டு அவனைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பினார். பொதுத்தேர்வில் கணக்கில் 52 எடுத்தான். தமிழில் 41. ஆங்கிலத்தில் 31 எடுத்துத் தவறிவிட்டான். நாற்பத்தாறு பேர் எழுதி நாற்பத்தைந்து பேர் தேறினார்கள். 97.83 சதவீதம். மீளாய்வுக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியரை நிற்க வைத்துக் கேட்டார்கள். அந்த ஒருவனை ஏன் முன்கூட்டியே பார்க்கவில்லை என்றார்கள். 'பார்த்தேன், பார்த்துத்தான் அனுப்பினேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டு எங்களுக்குச் சால்வை இல்லை. பையன் ஜூன் மாதத் துணைத் தேர்வில் ஆங்கிலத்தை எழுதி முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். பூ மாதங்களில் இப்போதும் விடியற்காலை அம்மாவோடு தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி.

இந்த வருடப் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும். புள்ளி வைத்த பிள்ளைகள் ஏழோ எட்டோ இருப்பார்கள். அவர்களுடைய அப்பாவையோ அம்மாவையோ பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். ஒரு ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். பூ எடுக்கும் வீடாக இருந்தால் ஆறு மணிக்கு முன்னால் போனால் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம். கையில் டி.சி. புத்தகம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்